ஆகாயத்தில் எந்தப் பாஷை?

பிச்சாவரத்தில் சென்ற மாதம் நடந்த ஒரு சிறு கூட்டத்தில், பேசி முடித்து உட்காரப் போகும் சமயம், வாலிபர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "எல்லா இடத்திலும் தமிழ் இருக்க வேண்டும் என்று பேசுகிறீர்களே ஐயா, சென்னையில் வந்து இறங்குகிற ஆகாய விமானத்துக்கு மட்டும் ஏன் இங்கிலீஷில் உத்திரவு கொடுக்கிறார்கள்? நம் மண்ணில் இறங்குகிறவன் நம் பாஷையைக் கேட்டு இறங்கினால் என்ன குறைந்து போகும்?" என்றார். பலமான கைதட்டல் எழுந்தது. அது அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "அப்படியானால் டில்லியில் இறங்குகிறவன் இந்தியைக் கேட்டுத்தான் இறங்க வேண்டும் என்று அவன் சொன்னால், அதற்கு நாம் என்ன சொல்லுவது?" என்று கேட்டார். இதற்குக் கைதட்டல் இல்லை. சிரிப்பு மாத்திரம் இருந்தது.

நேரமாகிவிட்டபடியால் அன்று நான் சொன்னது அரைகுறையான பதில். இது சிரித்துவிட்டுப் போகிற சங்கதியல்ல. மனித உயிரைப் பொறுத்த சங்கதி. ஆதலால் இதைப்பற்றி நாம் அறிந்தவற்றையும் நமது அபிப்பிராயத்தையும் சற்று விரிவாகவே எழுதலாம் என்று கருதுகிறோம்.

மறுநாள் காலையில் தோழர்கள் என்னைச் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போனார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும்: கால்வாய் குறுகலானது, இரண்டு பக்கமும் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கிக் கிடக்கும், கிளைகள் மேலே கவிந்திருக்கும், வளைவுக்கு அப்பால் என்ன வருகிறதென்று கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் நம் படகுக்காரர் ஒரு சத்தம் கொடுத்தார். அப்பாலிருந்து பதில் சத்தம் வந்தால் துடுப்பை நிறுத்தி ஒதுங்கினார். பதில் வராவிட்டால் போனார். "இது என்ன வார்த்தை அண்ணே?" என்று கேட்டேன். "வார்த்தை என்னங்க வார்த்தை, ஆள் வர்றது தெரியணும், எதிர்ல வர்றவனுக்கு அது புரியணும், அவ்வளவுதான்" என்றார். நமது கேள்விக்கு வேண்டிய பதில் முழுவதும் அந்த மனிதர் சொன்னதில் இருக்கிறது. மீதியெல்லாம் அதற்கு விளக்கந்தான்.

ஆகாயத்திலும் வழிகள் இருக்கின்றன, வளைவுகள் இருக்கின்றன, எதிரே வருகிறவனும் இருக்கிறான். பிச்சாவரத்துக்கு மேலே போகிற விமானம், சென்னையிலுள்ள போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தாரோடு ரேடியோவில் பேசிக்கொண்டே போகிறது. எந்த உயரத்தில் பறப்பது, எப்பொழுது இறங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதற்கெல்லாம் கீழேயிருந்து உத்திரவு வருகிறது. ஒரே அலைவரிசையில் பத்து விமானங்கள் இருந்தால் பத்து விமானிகளும் அதே பேச்சைக் கேட்கிறார்கள். ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேசலாம். இருவர் ஒன்றாகப் பேசினால் கீச்சென்ற இரைச்சல்தான் கேட்கும். அடுத்தவனுக்குச் சொல்லப்படுகிற உத்திரவைக் கேட்டுத்தான், அவன் எங்கே இருக்கிறான், தனக்கு இடைஞ்சலாக வருகிறானா என்று ஒரு விமானி மனதில் கணக்குப் போட்டுக் கொள்கிறான். ஆகவே இது இருவர் சம்பாஷணையல்ல. சந்தையில் எல்லோர் காதும் கேட்கப் போடுகிற தண்டோரா. இதை மறந்துவிட்டுப் பாஷையைப்பற்றிப் பேசினால் பேச்சு தவறான வழியில்தான் போகும்.

இனி, நமது நாட்டிலேயே நடந்த ஒரு கோரத்தைப் பார்ப்போம். 1996-ஆம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி மாலை, டில்லியிலிருந்து சவூதி விமானம் ஒன்று 312 பேரோடு கிளம்பிற்று. அவர்களில் அநேகர் வயிற்றுப் பிழைப்புக்காக அரபு நாட்டுக்குப் போன கூலிக்காரர்கள். அதே சமயத்தில் கஜகஸ்தான் நாட்டு விமானம் ஒன்று 37 பேரோடு டில்லியில் இறங்குவதற்காக வந்து கொண்டிருந்தது. போவதற்கும் வருவதற்கும் அன்று ஒரே வழிதான். போகிறவன் 14,000 அடியில் நிற்க வேண்டும். வருகிறவன் 15,000 அடியில் நிற்க வேண்டும் என்பது உத்திரவு. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் அடி. கீழே இருந்த அதிகாரி கஜகஸ்தான் விமானத்துக்கு, எதிரே 14 மைலில் விமானம் வருகிறது என்று எச்சரித்தும் இருக்கிறார். பதிலும் வந்திருக்கிறது. ஆனாலும் அந்த விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கி வந்து, அரியானாவிலுள்ள சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு அருகே மோதிற்று. 349 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. ஆகாயத்தில் இரண்டு விமானங்கள் மோதிய விபத்துகளில் இதைவிடப் பெரியது உலகத்தில் நடந்ததில்லை.

நீதிபதி லகோத்தி விசாரணை நடத்தினார். உத்திரவில்லாமல் இறங்கியதே காரணம் என்று முடிவாயிற்று. ஏன் இறங்கினான் என்று பார்த்தால் பாஷை வந்து நிற்கிறது. அந்த விமானத்தில் கீழே இருப்பவரோடு இங்கிலீஷில் பேசும் வேலை ஒரு ரேடியோக்காரருடையது. விமானத்தைக் கையில் பிடித்திருந்தவர்கள் அவரை நம்பியே இருந்தார்கள். அவர்கள் நாட்டு வழக்கத்தில் உயரத்தை மீட்டரில் கணக்குப் பார்ப்பார்கள். உத்திரவோ அடியில் வருகிறது. ஆக, காது ஒருவனிடம், கை வேறொருவனிடம், கணக்கு இரண்டு விதம். உத்திரவைக் கேட்டவன் வேறு, அதை நிறைவேற்றுகிறவன் வேறு என்று நடுவே ஒரு தரகன் நின்றால், அந்தத் தரகன் எவ்வளவு யோக்கியனாயிருந்தாலும் அபாயம் அபாயந்தான்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாஷை ஒன்றே குற்றவாளி என்று சொல்லித் தப்பித்துக் கொள்ள நம் சர்க்காருக்கும் யோக்கியதையில்லை. போகிறவனுக்கும் வருகிறவனுக்கும் ஒரே வழியை விட்டிருந்ததும், எதிரிலிருக்கும் விமானத்தின் உயரத்தைக் காட்டக்கூடிய ரேடார் அப்பொழுது டில்லியில் உபயோகத்தில் இல்லாததும் அந்த 349 பேருக்குப் பாதகமாய் இருந்த காரியங்களே. அதன் பிறகுதான் வழிகள் பிரிக்கப்பட்டன. மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவியும் விமானங்களில் கட்டாயமாக்கப்பட்டது.

சரி, எல்லோரும் இங்கிலீஷ் படித்துவிட்டால் தீர்ந்ததா? இதுவும் ஒரு மூட நம்பிக்கையே. 1977-ஆம் வருஷம் மார்ச்சு 27-ந் தேதி டெனெரிஃப் என்னும் தீவில், மூடுபனியில், ஓடுபாதையிலேயே இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் மாண்டார்கள். ஒன்று டச்சுக்காரர்களுடையது, மற்றொன்று அமெரிக்கருடையது, கட்டுப்பாட்டு அதிகாரி ஸ்பெயின் தேசத்தார். எல்லோரும் பேசியது இங்கிலீஷே. டச்சு விமானத்தின் துணை விமானி, "நாங்கள் இப்பொழுது டேக் ஆஃபில் இருக்கிறோம்" என்ற கருத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். அவர் பாஷையின் வழக்கப்படி அதற்கு "கிளம்பிக் கொண்டிருக்கிறோம்" என்று அர்த்தம். அதிகாரியோ "கிளம்புகிற இடத்தில் நிற்கிறோம்" என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு "ஓ.கே." என்றார். அதன்பின் அவர் "பொறுத்திரு" என்று சொன்னதும், அமெரிக்க விமானி "நாங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறோம்" என்று சொன்னதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரைச்சலாகப் போயிற்று.

இது நமக்கு விளங்காத காரியமா? தமிழன் வீட்டைவிட்டுப் போகும்போது "வருகிறேன்" என்கிறான். வீட்டிலிருந்து இன்னும் செருப்பைக்கூட மாட்டாதவன், போனில் "இதோ வந்துவிட்டேன்" என்கிறான். நாம் இதற்குள் பிறந்து வளர்ந்தவர்கள் ஆனதால் நமக்கு அர்த்தம் தெரிகிறது. தமிழைப் புத்தகத்தில் மட்டும் படித்த அன்னியன் ஒருவன் கேட்டால் போகிறவனை வருகிறவன் என்றும், கிளம்பாதவனை வந்து சேர்ந்தவன் என்றும்தான் நினைப்பான். தெருவில் இதனால் காப்பி ஆறிப் போகும். ஆகாயத்தில் உயிர் போகும்.

அதே விபத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. விமானம் ஓட ஆரம்பித்த பிறகு, டச்சு விமானத்தின் என்ஜின் உத்தியோகஸ்தருக்குச் சந்தேகம் வந்து, அந்த அமெரிக்க விமானம் இன்னும் பாதையைவிட்டு விலகவில்லையோ என்று கேட்டார். தலைமை விமானியோ அந்தக் கம்பெனியில் மற்றவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுக்கும் பெரியவர். அவர் "விலகிவிட்டான்" என்று அழுத்திச் சொன்னார். கேட்டவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் நமது கிராமங்களில் மாத்திரம் இருக்கிற வியாதியல்ல என்பது இதனால் தெரியவருகிறது.

1990-ஆம் வருஷம் ஜனவரி 25-ந் தேதி நியூயார்க் நகரத்துக்கு அருகே நடந்ததும் இப்படிப்பட்டதே. கொலம்பியா நாட்டு விமானம் ஒன்று வானிலை காரணமாக ஒரு மணிக்கு மேல் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்படி நேர்ந்தது. எண்ணெய் தீர்ந்து வருகிறது என்றும், தங்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்றும் துணை விமானி சொன்னார். ஆனால் "ஆபத்து" என்பதற்கு ஏற்பட்ட குறிப்பிட்ட சொல்லை அவர் சொல்லவில்லை. கீழே இருந்தவர்களும் அதை ஆபத்தென்று எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் தீர்ந்து விமானம் விழுந்து 73 பேர் மாண்டார்கள். இங்கே கேட்டவர்கள் இங்கிலீஷையே தாய்ப்பாஷையாகக் கொண்ட அமெரிக்கர்கள்! ஆகவே இங்கிலீஷ் தெரிவது என்பது வேறு. விளங்கும்படி சொல்வதும், விளங்கிற்றா என்று சோதிப்பதும் வேறு.

இதற்காகத்தான் ஆகாயத்தில் பேசுகிற இங்கிலீஷ் ஒரு தனி இங்கிலீஷாகச் செய்யப்பட்டிருக்கிறது. ஒன்பதை "நைன்" என்று சொல்லாமல் "நைனர்" என்றும், மூன்றை "ட்ரீ" என்றும், ஐந்தை "ஃபைஃப்" என்றும் சொல்ல வேண்டும். வந்த உத்திரவை வந்தபடியே திருப்பிச் சொல்ல வேண்டும், "ஓ.கே." என்று தலையாட்டக் கூடாது. டெனெரிஃபுக்குப் பிறகு, கிளம்ப உத்திரவு கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெப்பொழுதும் "டேக் ஆஃப்" என்ற சொல்லை உபயோகிக்கக் கூடாதென்று ஏற்பாடு செய்தார்கள். ஆபத்துக்குச் சொல்லுகிற "மேடே" என்ற சொல்லோ பிரெஞ்சுச் சொல்லின் ஒலியிலிருந்து எடுத்தது. இலண்டனில் பிறந்தவனும் இதைப் புதிதாகப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆகவே இது இங்கிலீஷ்காரனுக்குச் செய்கிற மரியாதையுமல்ல, நமக்கு அவமானமுமல்ல. கடலூர்த் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டைப் போன்ற ஒரு அடையாளம். அந்தக் கூண்டு எந்தப் பாஷை? ஒன்றாம் எண் என்றால் இது, பத்தாம் எண் என்றால் இது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட குறி. அவ்வளவே.

இனி, அந்த வாலிபருடைய கேள்விக்கு வருவோம். உலக விதி இங்கிலீஷ் மட்டுமே என்று சொல்லுகிறதா என்றால், இல்லை. சர்வதேச சிவில் விமான நிறுவனத்தின் விதிப்படி, அந்த இடத்தில் வழங்குகிற பாஷையிலும் பேசலாம். ஆனால் ஒருவர் இங்கிலீஷ் வேண்டுமென்று கேட்டால் கொடுத்தாக வேண்டும். பல நாடுகளில் அப்படிப் பேசியும் வருகிறார்கள். அதன் பலன் என்ன?

1976-ஆம் வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி யுகோஸ்லாவியா நாட்டு சாக்ரெப் நகரத்துக்கு மேலே ஒரு இங்கிலீஷ் விமானமும் ஒரு உள்நாட்டு விமானமும் மோதி 176 பேர் மாண்டார்கள். கடைசி விநாடிகளில் அதிகாரி பதறிப்போய் உள்நாட்டு விமானத்தோடு தமது சொந்தப் பாஷையில் பேசினார். பக்கத்தில் வந்து கொண்டிருந்த இங்கிலீஷ் விமானிகளுக்கு அது புரியவில்லை. ஒரு மனிதன் தலையில் தாங்க முடியாத வேலையைச் சுமத்தியதே அங்கே மூலகாரணம். ஆனாலும் கடைசி எச்சரிக்கை பாதிக் காதுக்குத்தான் எட்டிற்று. 2000-ஆம் வருஷம் மே 25-ந் தேதி பாரிஸ் நகரத்தில், ஒரு பெரிய விமானத்துக்குக் கிளம்ப உத்திரவு பிரெஞ்சில் கொடுக்கப்பட்டது. அதே பாதையில் நடுவே நுழைய இருந்த சிறு சரக்கு விமானத்துக்கு இங்கிலீஷில் உத்திரவு கொடுக்கப்பட்டது. பெரியது கிளம்பி வருகிறதென்பது சிறியதில் இருந்த இங்கிலீஷ்காரர்களுக்கு விளங்கவில்லை. மோதலில் சிறு விமானத்தின் துணை விமானி மாண்டார். பிரெஞ்சு சர்க்கார் விசாரணையே, இரண்டு பாஷை வழங்கியதையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது.

எதிர்க்கட்சி வாதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கனடாவில் கியூபெக் என்ற பிரெஞ்சு பேசுகிற மாகாணம் இருக்கிறது. அங்கே பிரெஞ்சிலும் விமானிகளோடு பேசலாம் என்று ஏற்பாடு செய்தபோது, 1976-இல் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு விசாரணைக் கமிஷன் பரீட்சைகளெல்லாம் நடத்தி, இரண்டு பாஷையிலும் பேசினால் அபாயமில்லை என்று 1979-இல் முடிவு சொல்லிற்று. அங்கே சிறு விமானம் ஓட்டுகிற அநேகருக்குப் பிரெஞ்சுதான் நன்றாய் வரும். தெரியாத பாஷையில் தடுமாறுவதைவிட தெரிந்த பாஷையில் கேட்பதே அவர்களுக்கு க்ஷேமம். அதற்கென்று இரண்டு பாஷையும் நன்றாகத் தெரிந்த அதிகாரிகளை வைத்தார்கள். இதில் நமக்கு ஆக்ஷேபணையில்லை. ஏனென்றால் அவர்களும் கேட்டது, "எது பெருமை?" என்ற கேள்வியல்ல, "எது புரியும்?" என்ற கேள்விதான்.

அந்தக் கேள்வியையே சென்னையில் கேளுங்கள். சென்னை நிலையத்தோடு பேசுகிறவர்கள் யார்? பஞ்சாபி, மலையாளி, வங்காளி, சிங்களவர், மலாய்க்காரர், அரபி, இங்கிலீஷ்காரர். தமிழில் சொன்னால் சிலருக்குப் புரியும், பலருக்கு இரைச்சல். டில்லியில் இந்தியில் சொன்னாலும் கதி இதுவே. ஆகவே வாலிபருக்கும் பெரியவருக்கும் சேர்த்தே நமது பதில்: ரேடியோவில் தமிழ் வேண்டாம், எந்த நியாயத்தால் தமிழ் வேண்டாமோ அதே நியாயத்தால் இந்தியும் வேண்டாம். அங்கே தேசபக்திக்கும் பாஷாபக்திக்கும் வேலையில்லை. பக்தி எந்த வேஷத்தில் வந்தாலும் அறிவுக்கு இடைஞ்சல்தான்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. ரேடியோவில் இங்கிலீஷ் வேண்டும் என்கிற அதே நியாயம், விமானத்துக்குள்ளே உட்கார்ந்திருக்கிற பிரயாணிக்கு அவன் பாஷை வேண்டும் என்று சொல்லுகிறது. இதைத்தான் படித்தவர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

2022-ஆம் வருஷம் செப்டம்பர் 16-ந் தேதி விஜயவாடாவிலிருந்து ஐதராபாத்துக்குப் போன ஒரு விமானத்தில், அவசர வழிக்குப் பக்கத்தில் இடம் பெற்றிருந்த ஒரு அம்மாளை, தெலுங்கு மாத்திரம் தெரியும், இங்கிலீஷும் இந்தியும் தெரியாது என்பதற்காக வேறு இடத்துக்கு மாற்றினார்கள். ஆபத்து சமயத்தில் சொல்வது அவருக்குப் புரியாது என்பது காரணமாம். தெலுங்கு நாட்டில் கிளம்பி தெலுங்கு நாட்டில் இறங்குகிற விமானத்தில், தெலுங்கு தெரிந்த பிரயாணி அபாயமா, தெலுங்கு தெரியாத சிப்பந்தி அபாயமா என்று கேட்கின்றோம். 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், இந்தி தெரியாது, தமிழிலோ இங்கிலீஷிலோ சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, "நீங்கள் இந்தியரா?" என்று ஒரு காவல் உத்தியோகஸ்தர் தம்மைக் கேட்டதாகத் தோழர் கனிமொழி எம்.பி. அவர்கள் வெளியிட்டார். பார்லிமெண்டு மெம்பருக்கே இப்படி என்றால், சிங்கப்பூருக்குக் கூலி வேலைக்குப் போகிற சிதம்பரம் தாலூக்காக்காரனுக்கு எப்படி இருக்கும்?

எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் ஒரு விமானத்தில் எனக்கும் அந்த அவசரக் கதவுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. கால் நீட்ட இடமிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு பெண் வந்து குனிந்து வேகமான இங்கிலீஷில் ஏதோ சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியெல்லாம் பத்திரிகையிலும் புத்தகத்திலும் நானாகப் படித்தது. எழுத்தில் இங்கிலீஷ் பிடிபடும், காதில் பிடிபடாது. சுற்றிலும் படித்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "எஸ், எஸ்" என்று தலையாட்டினேன். விமானம் கிளம்பிய பிறகு பக்கத்திலிருந்தவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்: ஆபத்து வந்தால் அந்தக் கதவைத் திறந்து மற்றவர்களை வெளியேற்ற உதவி செய்ய எனக்குச் சம்மதமா என்பது கேள்வி. மேடைமேடையாய் ஏறி, "புரியாததை ஒப்புக்கொள்ளாதீர்கள், ஏன் எதற்கு என்று கேளுங்கள்" என்று ஊருக்கு உபதேசம் பண்ணுகிற நான், வெட்கத்துக்காகத் தலையாட்டிவிட்டு அத்தனை பேர் உயிருக்குப் பொறுப்பாக உட்கார்ந்திருந்தேன். சர்க்கி தாத்ரியில் நடந்ததற்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம், தன்மையில் வித்தியாசமில்லை.

பிச்சாவரத்துத் தோழர்களுக்கு இதை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கடல் எழுந்து வந்தபோது, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவேயிருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ன ஆயிற்று என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நீங்கள். அன்று எந்தப் பாஷையிலும் எச்சரிக்கை வரவில்லை. இப்பொழுது ஐதராபாத்தில் அதற்கென்று ஒரு நிலையம் 2007 முதல் வேலை செய்கிறது. ஆனால் அங்கே எவ்வளவு உயர்ந்த கருவி இருந்தாலும், கடைசியில் கிள்ளைக் கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவன் காதில், வாடை என்றும் கொண்டல் என்றும் காற்றுக்குப் பேர் வைத்திருக்கிறவன் பாஷையில் விழாவிட்டால் அது எச்சரிக்கையாகாது.

ஆகவே நாம் சொல்வது ஒன்றே. யாருடைய உயிர் அந்தச் சொல்லில் தொங்குகிறதோ அவனுக்குப் புரிகிற பாஷையே அந்த இடத்துக்குரிய பாஷை. விமானிக்கும் விமானிக்கும் நடுவே அது பொது இங்கிலீஷ். 2003-இல் சர்வதேச நிறுவனம் விதி செய்து, 2008 மார்ச்சு 5 முதல் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் பாஷைப் பரீட்சையைக் கட்டாயமாக்கி, தயாராகாத நாடுகளுக்கு மேலும் 3 வருஷம் தவணை கொடுத்தது. ஆறு படிகளில் நாலாவது படியாவது ஏற வேண்டும். இது நியாயமான ஏற்பாடு. நமது பிள்ளைகளும், ஆணானாலும் பெண்ணானாலும், அந்தப் படியில் ஏற வேண்டும். கணக்கும் பௌதிகமும் படித்து அந்தக் கட்டுப்பாட்டு நிலையத்தில் உட்கார வேண்டும். ரம்பம் பிடிக்கப் பழகுகிற மாதிரி இங்கிலீஷைப் பழகுங்கள். அதைக் கும்பிடவும் வேண்டாம், அதற்குக் கூசவும் வேண்டாம்.

ஆனால் தமிழ்நாட்டில் கிளம்புகிற விமானத்தில், கதவைத் திறப்பது எப்படி, மூச்சுக் கருவியை மாட்டுவது எப்படி, பெல்ட்டை அவிழ்ப்பது எப்படி என்பதைத் தமிழில் வாயால் சொல்லியே ஆகவேண்டும். வணக்கத்தை மாத்திரம் தமிழில் சொல்லிவிட்டு, உயிரைக் காக்கிற சேதியை வேறு பாஷையில் சொல்வதென்றால் அந்த வணக்கம் நமக்கு வேண்டாம். அவசரக் கதவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவனிடம் தமிழில் கேட்க ஒரு சிப்பந்தியாவது இருக்க வேண்டும். இது பாஷைப் பெருமைக்காகக் கேட்கிற சலுகையல்ல. டிக்கெட்டுப் பணத்திலேயே அடங்கிய பாக்கி.

கடைசியாக ஒன்று. ஆகாயத்துப் பேச்சில் "திரும்பச் சொல்" என்பதற்கு ஒரு சொல்லை விதியாகவே வைத்திருக்கிறார்கள். எத்தனை வருஷம் பழகின விமானியும், புரியாவிட்டால் வெட்கப்படாமல் அதைச் சொல்லியாக வேண்டும். நம் மக்களோ வைத்தியரிடத்தில் தலையாட்டுகிறார்கள். தாலூக்கா ஆபீசில் தலையாட்டுகிறார்கள். விமானத்தில் நானும் ஆட்டினேன். அடுத்த முறை அந்த இடம் கிடைத்தால் "எனக்குப் புரியவில்லை, தமிழில் சொல்லுங்கள்" என்று உரக்கச் சொல்வதாக இருக்கிறேன். பக்கத்திலிருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நீங்களும் அப்படியே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.